மாத்தூர் தொட்டிப்பாலக் கணக்கு: எனக்கு 1.02, விடையில 1.58-உம் 2.97-உம். எங்க பிசகு?

மூணாம்செம்_தக்கலை:
மாத்தூர் தொட்டிப்பாலத்தை (கால்வாய் வெள்ளத்தைத் தொட்டியில கொண்டுபோற பாலம்) மனசுல வச்சு சார் குடுத்த கணக்கு. அளவுகள் கணக்குக்காக வச்சது, பாலத்தோட வரைபடத்துல உள்ளது இல்ல. மேல திறந்த தொட்டி, உள் அகலம் 2.3 மீ, உள் உயரம் 2.1 மீ, விளிம்பு வரை வெள்ளம். சுவர், தளம் ரெண்டும் 200 மி.மீ கனம். தூணுக்குத் தூண் 12 மீ, சிம்ப்ளி சப்போர்டட் (ரெண்டு முனையும் இறுக்காம சும்மா தாங்கினது).

வெள்ளத்தோட எடை மீட்டருக்கு 47.4 கிலோநியூட்டன். பென்டிங் மொமெண்ட் (வளைக்கிற திருப்புவிசை) 853 கிலோநியூட்டன்-மீ. ஐ (வளைவை எதிர்க்கிற குறுக்குவெட்டோட அளவு) கண்டுபிடிக்க வெளிச் செவ்வகத்துல இருந்து உள் செவ்வகத்தைக் கழிச்சேன்: 2.738 − 1.775 = 0.963 மீ⁴. ஒய் (நடு அச்சுல இருந்து விளிம்புக்குத் தூரம்) 1.15 மீ. ஸ்ட்ரெஸ் (மொமெண்ட் × ஒய் ÷ ஐ) மேலயும் கீழயும் 1.02 மெகாபாஸ்கல். விடைத்தாள்ல கீழ 1.58 இழுவிசை, மேல 2.97 அழுத்தம்னு இருக்கு. ரெண்டு எண் எப்படி வரும்?

பறளியாறு:
ரெண்டு பிசகு இருக்கு மக்கா. முதலாவது, தொட்டியோட சொந்த எடையை விட்டுட்ட. தளம் 2.7 × 0.2 = 0.54, சுவர் ரெண்டும் 0.84, ஆக 1.38 ச.மீ. கம்பி போட்ட கான்கிரீட் கன மீட்டருக்கு 25 கிலோநியூட்டன், அதால பெருக்கினா மீட்டருக்கு 34.5. வெள்ளத்தோட சேத்து 81.9. 12 வர்க்கத்தால பெருக்கி 8-ஆல வகுத்தா 1474.

ரெண்டாவதுதான் பெருசு. வெளிய இருந்து உள்ளதைக் கழிக்கிற வழி மூடின பெட்டிக்குச் சரி, ரெண்டு செவ்வகத்துக்கும் மையம் ஒண்ணுதான். மேல திறந்ததுல மையம் விலகிரும். அங்க அப்படியே கழிச்சா ரெண்டு ஐ-யும் வேற வேற அச்சுக்கு உள்ளது, வர்றது நமக்கு வேண்டிய ஐ இல்ல. அடியில இருந்து மையத்தை எடு: (0.54 × 0.1 + 0.84 × 1.25) ÷ 1.38 = 0.8 மீ. பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் தன் ஐ-யோட பரப்பு × தூர வர்க்கத்தைக் கூட்டு. தளம் 0.0018 + 0.2646, சுவர்கள் 0.3087 + 0.1701. மொத்தம் 0.745.

நியூட்ரல் ஆக்சிஸ் (இழுவிசையும் அழுத்தமும் இல்லாத நடு அச்சு) கீழ இறங்கினதால அடிக்கு 0.8, மேல் விளிம்புக்கு 1.5 மீ தூரம். அதான் ரெண்டு எண். சொந்த எடையை மட்டும் சேத்து ஐ-யைத் திருத்தாம விட்டா 1.76 வரும், அதுவும் தப்பு.

கம்பிக்கணக்கு:
நீளவாட்டோட நிறுத்திறாத. சுவரை மீட்டர் அகலக் கேன்டிலிவரா (ஒரு முனை மட்டும் இறுகினதா) எடு. அடியில மொமெண்ட் 9.81 × 2.1³ ÷ 6 = 15.1 கிலோநியூட்டன்-மீ. 200 மி.மீ கனத்துக்கு ஸ்ட்ரெஸ் 2.27 மெகாபாஸ்கல். பாத்தியா, 12 மீ நீளத்துக்கு வந்த 1.58-ஐ விட இதுதான் கூட! இழுவிசை வெள்ளம் தொடுற உள் முகத்துல வரும். கம்பியை வெளிமுகத்துல கட்டினா அது சும்மா கெடக்கும்.

சுவரும் தளமும் சேர்ற மூலை வெள்ளம் தள்ளும்போது விரியும். உள்பக்கக் கம்பியை அந்த மூலையிலயே வளைச்சு கொண்டுபோனா, இழுக்கும்போது அது நிமிரப் பாத்து மூலைக் கவரை (கம்பியை மூடின கான்கிரீட்டை) பிதுக்கித் தள்ளிரும். சுவரோட உள்கம்பி நேரா தளத்தோட அடிவரை இறங்கி அங்க வளையணும். தளத்தோட மேல்கம்பி சுவரோட வெளிமுகம் வரை போய் வளையணும். ரெண்டும் ஒண்ணையொண்ணு குறுக்க வெட்டும். உள்மூலையில 45 டிகிரி சரிவு வச்சு ஒரு சாய்வுக் கம்பி போட்டா இன்னும் நல்லது.

மேல பலகை போட்டா சுவரைப் பிடிக்காதான்னு அடுத்து கேப்ப. சும்மா உக்காந்த பலகை பிடிக்காது. சுவர்க் கம்பியோட சேத்து வாத்தாத்தான் டை, அதாவது ரெண்டு சுவரையும் இழுத்துப் பிடிக்கிற கட்டு.

மூணாம்செம்_தக்கலை:
1.58, 2.97 வந்துட்டு அண்ணே, நன்றி. கால்வாய் அடைச்சிருக்கிற மாசத்துல பாரம் குறைவு. அப்போ கவலையே இல்லையா?

பறளியாறு:
வளைவுக்கு இல்ல. சொந்த எடை மட்டும்னா அடியில 0.67-தான். ஆனா காலித் தொட்டியில வெயில் நேரா கான்கிரீட்ல விழும், ராத்திரி குளிரும். எம் 20 கான்கிரீட்டுக்கு (20 மெகாபாஸ்கல் அழுத்த வலிமை உள்ளது) ஈ, அதாவது மீள்தன்மைக் கெழு, 22,360 மெகாபாஸ்கல், விரிவுக் கெழு டிகிரிக்கு பத்து லட்சத்துல 10 பங்கு. 12 மீ தொட்டி 15 டிகிரி குளிந்தா 1.8 மி.மீ சுருங்கும். ஒரு முனை ரோலர்ல நகந்தா ஸ்ட்ரெஸ் ஒண்ணும் இல்ல. பேரிங் (தொட்டி முனையைத் தாங்குற உறுப்பு) துருப்பிடிச்சு ரெண்டு முனையும் முழுசா இறுகிட்டா 22,360 × 15 × 0.00001 = 3.35 மெகாபாஸ்கல் இழுவிசை. ஐஎஸ் 456 (இந்தியக் கான்கிரீட் விதித்தொகுப்பு) சூத்திரப்படி எம் 20-க்கு வளைவில் விரிசல் விடுற அளவே 0.7 × √20 = 3.13. நேர் இழுப்புல அதுக்கும் முன்னாடியே விடும்.

சூட்டுக்குக் கதை வேற. தொட்டிக்கும் தொட்டிக்கும் இடையில உள்ள இடுக்குல மண்ணு அடைஞ்சிருந்தா விரிய இடமில்லாம முனைகள் நெரியும், ஓரம் பெயரும். வெள்ளம் திறக்கும்போது ஒழுக்கு முதல்ல அந்த இணைப்புலதான் தெரியும்.