புல் நிற்காத இடத்தில் என்ன படரவிடலாம்?

செந்தூல்வாசி
கோலாலம்பூரில் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதி) முனை வீடு. பக்கவாட்டு நிலம் 3 மீட்டர் அகலம், 8 மீட்டர் நீளம். பாதிக்கு மாமர நிழல், மீதி வெட்டவெளி. மூன்று தடவை கௌ கிராஸ் புல் போட்டாயிற்று, மூன்று தடவையும் மொட்டை. மெஷின் வைத்து வெட்டத் தேவையில்லாத, தரையோடு படரும் செடி வேண்டும். நர்சரியில் எதைக் காட்டினாலும் "நல்லா வரும்" என்கிறார்கள். வளர்த்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மண்வெட்டி
ஒரே செடியால் 24 சதுர மீட்டரையும் மூட நினைக்காதீர்கள். உங்களுடையது இரண்டு தோட்டம்.

கௌ கிராஸ் ஓரளவு நிழல் தாங்குகிற புல்தான். வெயில் பக்கத்திலும் அது நிற்கவில்லை என்றால் மண்ணைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். தாமான் வீடுகளில் அடியில் கிடப்பது பெரும்பாலும் லாரியில் கொட்டி அழுத்திய செம்மண். கொஞ்சம் தோண்டினால் செங்கல் துண்டு, சிமெண்டுக் கட்டி எல்லாம் வரும். 30 செ.மீ. ஆழக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் இன்னொரு முறை நிரப்பி நேரம் பாருங்கள். அரை நாளாகியும் தண்ணீர் நின்றால் எந்தச் செடி வைத்தாலும் வேர் அழுகும். முதலில் லோங்காங் (சாக்கடை வாய்க்கால்) பக்கம் சரிவு கொடுங்கள்.

வெயில் பக்கத்துக்கு என் தேர்வு பிந்தோ கடலைக்கொடி. மஞ்சள் பூ பூக்கும், சாலை நடுவிலும் வட்டச் சந்திகளிலும் பார்த்திருப்பீர்கள். நேர் வெயில் நாளுக்கு 4 மணி நேரமாவது விழ வேண்டும். அதற்குக் குறைந்தால் இலை மட்டும் இருக்கும், பூ வராது.

செய்முறை: 15 செ.மீ. ஆழம் கிளறி, கல்லைப் பொறுக்கி, 3 செ.மீ. கனத்துக்கு மக்கிய உரம் பரப்பிக் கலக்கவும். உங்கள் வெயில் பாதி 12 சதுர மீட்டர், 50 லிட்டர் மூட்டை ஏழோ எட்டோ போதும். சதுர மீட்டருக்கு 150 கிராம் டோலமைட் சுண்ணாம்புத் தூளும் தூவலாம். 15 முதல் 20 செ.மீ. நீளத் தண்டு, மூன்று நான்கு கணுவோடு வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி சாய்த்து நடுங்கள். 25 செ.மீ. இடைவெளி விட்டால் சதுர மீட்டருக்கு 16, மொத்தம் 192 தண்டு. 20 செ.மீ. என்றால் 300. அவசரமில்லாதவர்களுக்கு 25 போதும்.

கோரைக்கிழங்கு இருந்தால் நடுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். சங்கோலால் (கனமான மண்வெட்டி) கொத்தினால் கிழங்குச் சங்கிலி அறுந்து ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக முளைக்கும். தோட்ட முள்கரண்டியால் மண்ணைத் தளர்த்தி, கிழங்கோடு இழுக்க வேண்டும். அட்டைப்பெட்டி பரப்பி மூடுகிற வேலை மற்ற புல்லுக்குச் சரி. கோரை அதைத் துளைத்துக்கொண்டு வரும்.

பாயான் லெப்பாஸ் பச்சை
மண்வெட்டி அண்ணன் சொன்னதில் டோலமைட்டை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். கடலைக்கொடி அமில மண்ணை நன்றாகவே தாங்கும், சுண்ணாம்பு தேவையில்லை. சுவர் பூசும்போது சிந்திய சிமெண்டு ஏற்கெனவே அங்கே சுண்ணாம்பைச் சேர்த்திருக்கும். சுவரோரம் மட்டும் இலை மஞ்சளாகி நரம்பு பச்சையாக நின்றால் காரணம் அதுதான், உரக் குறைவு என்று யூரியா போட்டுவிடாதீர்கள். பயறு இனச் செடி, தழைச்சத்தை வேர் முடிச்சிலேயே சேர்த்துக்கொள்ளும். யூரியா களைக்குத்தான் போகும்.

எங்கள் பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் செஞ்சிலந்தி என்ற சிறு பூச்சி வரும். இலை மேலே ஊசி குத்தியது போல வெளிறும். மருந்து தேடுவதற்கு முன், மாலையில் குழாயை வேகமாக வைத்து இலையின் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள், மூன்று நாளுக்கு ஒரு தடவை.

இன்னொரு எச்சரிக்கை. "மஞ்சள் கரிசலாங்கண்ணி" என்று சொல்லி வெடேலியா என்ற படர்கொடியைக் கையில் கொடுப்பார்கள். இலையில் மூன்று மடல், பெரிய பூ என்றால் அது அமெரிக்க வகை. கீரையாகச் சமைக்கிற மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கு இலை நீளமாக இருக்கும், அப்படி மடல் பிரியாது. அமெரிக்க வகை உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் இருக்கிறது. கிள்ளி எறிந்த கணு ஒவ்வொன்றும் வேர் விடும். லோங்காங்கில் போட்டால் கீழ்த்தெரு முழுக்க உங்கள் பெயரைச் சொல்லும்.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்கள் சிலர் ரப்பர், செம்பனைக் காட்டு மூடுபயிரைக் கொண்டுவந்து வைக்கலாமா என்று கேட்பதுண்டு. வேண்டவே வேண்டாம். அந்த மூடுபயிரான முக்குனா கொடி ஏக்கர் கணக்கில் மூடுவதற்கானது. வீட்டில் வைத்தால் மாமரத்தையே மூடிவிடும்.

நிழல்தரை
மாமரத்தடிக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. அங்கே சிக்கல் நிழல் மட்டுமில்லை. மாவிலை கனமானது, ஒரு சாண் நீளம், சீக்கிரம் மக்காது. சின்ன இலைக்கொடி வைத்தால் சருகு அதன் மேல் படுத்து மூச்சுமுட்ட வைக்கும். ஆகவே இலை அழகைப் பார்க்காமல் உயரத்தைப் பாருங்கள்: 20 முதல் 25 செ.மீ. உயரத்தில் விரைப்பாக நிற்கும் செடி வைத்தால் சருகு இடையில் இறங்கி அங்கேயே மக்கும். குட்டை ரோயோ இதற்குப் பொருத்தம், அடிப்பக்கம் ஊதா நிறம். சாறு பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும், கையுறை போடுங்கள். மொண்டோ புல்லும் நிழலில் நிற்கும், ஆனால் ஆமை வேகம். 10 செ.மீ. இடைவெளியில் சதுர மீட்டருக்கு 100 செடி, உங்கள் 12 சதுர மீட்டருக்கு 1,200. காசைக் கணக்குப் பண்ணிவிட்டு இறங்குங்கள்.

மரத்தடியில் முழுவதும் கொத்தாதீர்கள், மேல்வேர் அறுபடும். வேருக்கு இடையில் கைப்பிடி அளவு குழி, அதில் ஒரு செடி. மேலே கொட்டும் மண் 5 செ.மீ.க்கு மிஞ்சக் கூடாது. அடிமரத்தைச் சுற்றி 30 செ.மீ. வெறுமையாக விடுங்கள், மண் ஏறினால் பட்டை அழுகும்.

மணி பிளாண்ட் மட்டும் மரத்தடியில் வேண்டாம். தரையில் சாதுவாக இருக்கும், மரத்தில் ஏறினால் இலை முறம் அளவு ஆகிவிடும்.

வல்லாரைக்காரி
ஏர்கோன் தண்ணீர் சொட்டுகிற மூலை இருக்குமே, அங்கே வல்லாரை வையுங்கள். எப்போதும் ஈரம், அரை நிழல், அதற்கு வேறென்ன வேண்டும்? 20 செ.மீ. இடைவெளி போதும், ஓடுதண்டு விட்டு தானே இணையும். முழு வெயிலில் இலை சிறுத்துத் தடிக்கும். இருட்டு நிழலில் காம்பு மட்டும் நீளும்.

பறித்துச் சாப்பிடுவதாக இருந்தால் இரண்டு விஷயம். பூனை வந்துபோகும் இடமோ லோங்காங் தண்ணீர் ஏறும் இடமோ கூடாது. நத்தை ஊர்ந்த இலையைப் பச்சையாக உலாமுக்கு (பச்சைக் கீரை உணவு) எடுத்தால் எலி நுரையீரல் புழு தொற்ற வாய்ப்புண்டு, ஓடும் தண்ணீரில் ஒவ்வொரு இலையாக இரு பக்கமும் தேய்த்துக் கழுவ வேண்டும். சந்தேகம் இருந்தால் வேகவைத்துவிடுங்கள்.

மண்வெட்டி
தங்கச்சி நத்தையைச் சொன்னதும் ஞாபகம் வந்தது. நர்சரிப் பாலிபேக்கை அப்படியே மண்ணில் இறக்காதீர்கள். பையைக் கழற்றி, மிளகைவிடக் கொஞ்சம் பெரிய வெளிர்மஞ்சள் உருண்டைகள் இருக்கிறதா என்று பாருங்கள், அவை ஆப்பிரிக்க நத்தையின் முட்டை. கோரை முளையையும் அப்போதே தேடுங்கள். நாய் உள்ள வீட்டில் மெட்டால்டிஹைட் நத்தை மருந்து ஆபத்து, அயர்ன் பாஸ்பேட் வகையைக் கேட்டு வாங்குங்கள். இரவில் கையுறையோடு பொறுக்குவதும் பலன் தரும்.

செந்தூல்வாசி
எல்லாருக்கும் நன்றி. வீட்டில் ஒரே பயம்: "கொடி படர்ந்தால் பாம்பு வரும்." அப்புறம், எப்போது நடுவது?

பாயான் லெப்பாஸ் பச்சை
பாம்பு தேடி வருவது எலியையும் தவளையையும். வாசல், நடைபாதை ஓரத்தில் கொடியை 10 செ.மீ.க்கு மேல் விடாதீர்கள், பலகை, பழைய பூந்தொட்டி எதையும் குவிக்காதீர்கள். சுவரிலிருந்து 30 செ.மீ. சரளைக்கல் பட்டை விட்டால் தரையும் தெரியும், கரையான் ஏறினால் மண்கோடும் கண்ணில் படும்.

கோலாலம்பூரில் அக்டோபர் தொடக்கம் சரியான நேரம், பின்மதிய மழை தண்டைப் பிடிக்க வைக்கும். அடைமழைக்கு முந்தைய நாள் நடாதீர்கள், தண்டு மிதந்து லோங்காங்குக்குப் போகும். முதல் மூன்று மாதம் பத்து நாளுக்கு ஒரு தடவை குனிந்து கையால் களை எடுக்க வேண்டும். வெயில் பாதியில் முதல் ஆறு வாரம் ஒன்றுமே நடக்காதது போலத்தான் இருக்கும். வேர்தான் ஓடிக்கொண்டிருக்கும், பிடுங்கிப் பார்த்துவிடாதீர்கள்.