பிஇஏ புரோமைடு போட்டும் பச்சை எல்இடி மங்கல், உதவுங்க

நிபோங்திபால்_பையன்: அவசரம், வியாழன் டெமோ. சீசியம் லெட் புரோமைடு (பெரோவ்ஸ்கைட் படிகம்) ஒளிர்ற எல்இடி. பிஇஏ புரோமைடு (படிகத்தை மெல்லிய தகடா பிரிக்கிற கரிம உப்பு) போட்டேன், 18-கிரவுன்-6ம் (உலோக அயனியைப் பிடிச்சுக்கிற வளைய மூலக்கூறு) போட்டேன். யூவி விளக்குல ஃபிலிம் பளிச்னு இருக்கு, கரண்ட் கொடுத்தா மங்கல். இன்னும் என்ன கலக்கலாம்?

செம்பனை_லேப்: எவ்வளவு போட்டீங்க? கரைப்பான், செறிவு? கீழே இருக்குறது பெடாட் (நேர்மின்னூட்டத்தைக் கடத்துற பாலிமர்) அடுக்கா?

ஈரக்காத்து: ஈரம்தான், வேற என்ன. மழை பெஞ்சா நம்ம தோட்டப் பக்கம் துணியே காயாது. திறந்த டிஎம்எஸ்ஓ கரைப்பான் பாட்டில் தண்ணிய இழுத்துக்கும் லா. கிளவ்பாக்ஸ் (காத்தும் ஈரமும் புகாத வேலைப் பெட்டி) ஈர மீட்டர் என்ன காட்டுது?

முதுநிலை: அடிப்படை தெரியாமல் கலவை மேல் கலவை! 2018லேயே எம்ஏ (மெத்தில் அம்மோனியம்) புரோமைடு சேர்த்து வெளிக் குவாண்டம் திறனில் (செலுத்தும் எலக்ட்ரான்களுக்கு வெளிவரும் ஒளித்துகள்களின் விகிதம்) 20 சதவீதம் தாண்டிவிட்டார்கள். தேடிப் படிக்கலாமே.

செம்பனை_லேப்: அதுல மெல்லிசா பிஎம்எம்ஏ (அக்ரிலிக் பிளாஸ்டிக்) அடுக்கும் இருந்துச்சு சார். அதை விட்டுட்டா எப்படி?

முதுநிலை: பிஎம்எம்ஏ எலக்ட்ரான் வரத்தைக் குறைத்துச் சமன் செய்கிறது, அவ்வளவே. படிகக் குறைகளை மூடுவது எம்ஏ புரோமைடு.

செம்பனை_லேப்: சமன் இல்லாம 20 எங்க வரும்?

சுங்கைபக்காப்_அக்கா: சண்டைய வேற இழையில வெச்சுக்கோங்க. தம்பி, வடிகட்டுறதுக்கு முன்னாடி பாட்டில் அடியில வெள்ளையா நின்னுச்சா?

நிபோங்திபால்_பையன்: ஆமாக்கா, கொஞ்சம். டிஎம்எஸ்ஓல 0.5 மோலார், பிஇஏ 60 சதவீதம். 0.22 மைக்ரான்ல வடிச்சுட்டேன்.

சுங்கைபக்காப்_அக்கா: அங்கதான் கோளாறு. அது கரையாத சீசியம் புரோமைடு. வடிச்சதும் சீசியம் குறைஞ்சு பிஇஏ பங்கு தானா ஏறிடும், என்=1 தகடுகள் (ஒரே ஒரு படிக அடுக்கு தடிமன் உள்ளவை) பெருகும். யூவில சக்தி பெரிய தகடுகளுக்கு இறங்கி ஒளிரும். மின்சாரத்தை மட்டும் பிஇஏ அடுக்கு தடுக்கும். ஒளி உறிஞ்சல் வரைபடத்துல 400 நானோமீட்டர் பக்கம் கூரா முகடு இருந்தா சந்தேகமே வேணாம். 0.2 மோலாருக்கு இறக்கி, 60 டிகிரியில ராத்திரி பூரா கலக்கி, கண்ணாடி மாதிரி தெளிஞ்ச பிறகுதான் வடிக்கணும். படலம் மெலிசாகும், படலம் பூசுற சுழற்சி வேகத்த கொஞ்சம் குறைங்க. பிஇஏ 40ல ஆரம்பிங்க. கிரவுன் இப்ப வேணாம்.

ஈரக்காத்து: கிரவுன் சீசியத்தைப் பிடிச்சுக் கரைக்குமே?

சுங்கைபக்காப்_அக்கா: கரைக்கும். ஆனா ரெண்டையும் சேத்து மாத்தினா எதனால சரியாச்சுன்னு தெரியாது.

நிபோங்திபால்_பையன்: வெள்ளை போச்சு, 400 முகடும் அடங்கிடுச்சு. வெளிச்சம் நல்லா கூடியிருக்கு. ஆனா 1 வோல்ட்லயே கரண்ட் ஏறுது. நன்றிக்கா.

சுங்கைபக்காப்_அக்கா: அது கசிவு, ஊசித்துளையா இருக்கலாம். எல்லா பிக்சல்லயுமா, ஓரத்துல மட்டுமா? ஐடிஓ (ஒளி ஊடுருவுற மின்முனை) ஓரம் சரியா அரிச்சு எட்ச் ஆகலன்னாலும் இப்படித்தான் காட்டும்.