உதவி: 42 அத்தியாயத்தை 8 பகுதியாகச் சுருக்கியதும், காப்பாற்ற வரும் இடம் ஓட்டையாகிவிட்டது

முட்டத்துக்காரி

எல்லாருக்கும் வணக்கம். கதை எழுதுகிறவர்கள், மாயக்கதைகளை விடாமல் வாசிக்கிறவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள். இரண்டு வருடமாக ஒரு நெடுங்கதை எழுதி முடித்தேன், 42 அத்தியாயம். கற்பனை நாடுதான், ஆனால் கடலும் பாறையும் காற்றும் எங்கள் முட்டத்துடையது. இப்போது தோழிகள் 3 பேரோடு சேர்ந்து அதை ஒலி நாடகமாகப் பதிவு செய்கிறோம். மொத்தம் 8 பகுதி, ஒவ்வொன்றும் 25 நிமிடம். முதல் 3 பகுதி வெளியே போய்விட்டது, அதில் இனி கை வைக்க முடியாது.

சிக்கல் 6-வது பகுதியில். நீலவேணியை நடுக்கடலில் இருக்கும் உப்புக்கோட்டையில் அடைத்துவைத்திருக்கிறார்கள். அவளை மீட்க அண்ணன் 40 வள்ளத்தோடு வந்து, பாதிப் பேரைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகிறான். மூன்றாம் நாள் இரவு ஒரு கொம்புத்திருக்கை, வள்ளத்தைவிட மூன்று மடங்கு பெரியது, தண்ணீரிலிருந்து எழும்பி மதிலுக்கு மேலே பறந்து வந்து அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு போகிறது.

எழுத்தில் வாசித்தவர்கள் யாருக்கும் இது உறுத்தவில்லை. ஏனென்றால் 9-வது அத்தியாயத்திலேயே அவளுடைய தாத்தா, வலையில் மாட்டிய திருக்கைக் குட்டிக்காகத் தன் புது வலையை அறுத்துவிடுவார். தாய்த்திருக்கை அவருக்கு ஒரே ஒரு முறை வருவதாக வாக்குக் கொடுக்கும். அதை அழைக்கத் தெரிந்தவர் அவர் மட்டும்தான், அவரோ மலைநாட்டில் இருக்கிறார், சேதி அவர் காதுக்கு எட்டவே மூன்று நாள் ஆகிறது. ஒலி நாடகத்தில் தாத்தாவுக்குச் சரியான குரல் கிடைக்கவில்லை, நேரமும் இல்லை, அதனால் ஆளையே எடுத்துவிட்டோம்.

போன வாரம் 6-வது பகுதியை அம்மாவிடம் போட்டுக் காட்டினேன். முற்றத்தில் இருந்து சாளைக்குச் செதில் சுரண்டிக்கொண்டே கேட்டார். திருக்கை வந்ததும் கத்தி நின்றது. "இது மொத நாளே வந்திருந்தா அத்தன பேரு சாவாண்டாம்லா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

இதுவரை செய்து பார்த்தது: கதை சொல்லும் குரலில் "முன்பொரு நாள் இவளுடைய தாத்தா..." என்று 6-வது பகுதியிலேயே நான்கு வரி சேர்த்தேன், அவசரத்துக்கு ஒட்டுப்போட்டது அப்பட்டமாகத் தெரிந்தது. அப்புறம் நீலவேணி சங்கு ஊதி அழைப்பதாக மாற்றினேன், அப்படியானால் முதல் நாளே ஊதியிருக்கலாமே என்று அதே கேள்வி திரும்பி வந்து நின்றது. என்ன செய்யலாம்?

கிள்ளியூர் 77

அப்படியே விட்டுவிடுங்கள் அக்கா. காதில் கேட்டுக்கொண்டு பஸ்ஸில் போகிறவர்கள் யாரும் இதையெல்லாம் யோசிக்க மாட்டார்கள்.

முட்டத்துக்காரி

அம்மா யோசித்துவிட்டாரே தம்பி. அத்தனை பேர் செத்துப்போனதை அழ அழ நடித்துப் பதிவு செய்திருக்கிறோம். அந்தச் சாவுக்கு அர்த்தமே இல்லை என்று ஆகிறது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தக்கலை வாசகன்

நீங்கள் சொல்லும் கோளாறு அப்படியே டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையைப் படமாக்கியபோதும் நடந்திருக்கிறது. ஒரு தீய மோதிரத்தை எரிமலையில் போட்டு அழிக்கப் பாடுபட்டுப் போகிற கதை அது. "கழுகுகள் மேலேயே ஏறிப் போய் மோதிரத்தை எரிமலையில் போட்டிருக்கலாமே" என்று உலகம் முழுக்கக் கேட்கிறார்கள் இல்லையா, அதில் படம் மட்டும் பார்த்துவிட்டுக் கேட்கிறவர்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம்.

புத்தகத்தில் கான்டால்ஃப் என்கிற மந்திரவாதி கோபுர உச்சியில் சிறைப்பட்டிருக்கும்போது கழுகு சும்மா வரவில்லை. அவர் அதற்கு முன்பே ராடகாஸ்ட் என்கிற இன்னொரு மந்திரவாதியிடம், பறவைகள் விலங்குகள் மூலம் கிடைக்கும் சேதியெல்லாம் அந்தக் கோபுரத்துக்கு அனுப்பச் சொல்லியிருப்பார். கழுகு சேதி கொண்டுதான் வருகிறது, வந்த இடத்தில் இவர் மாட்டியிருப்பதைப் பார்க்கிறது. எவ்வளவு தூரம் சுமப்பாய் என்று கேட்டால், சேதி சுமக்கத்தான் என்னை அனுப்பினார்கள், பாரம் சுமக்க இல்லை என்கிறது. அந்த ஒரு பேச்சிலேயே அதன் எல்லை தெரிந்துவிடுகிறது. 2001-ல் வந்த முதல் படத்தில் ராடகாஸ்டையே எடுத்துவிட்டார்கள். ஒரு அந்துப்பூச்சி வருகிறது, அவர் அதன் காதில் ஏதோ சொல்கிறார், அப்புறம் கழுகு வந்துவிடுகிறது. பார்க்க அழகான காட்சிதான், ஆனால் கழுகு என்பது கூப்பிட்டால் வரும் வண்டி ஆகிவிட்டது.

இதைவிட எனக்கு வருத்தம் 2003-ல் வந்த மூன்றாம் படத்தில். புத்தகத்தில், வாக்குத் தவறிச் செத்தவர்களின் படை துறைமுகத்தில் எதிரியின் கப்பல்களைப் பிடித்துக் கொடுப்பதோடு கடன் தீர்ந்து போய்விடும். அந்தக் கப்பல்களில் ஏறித் தலைநகரைக் காப்பாற்ற வருகிறவர்கள் தெற்குக் கரையோரத்து மனிதர்கள். படத்தில் செத்தவர்களே தலைநகரம் வரை வந்து, பச்சைப் புகை மாதிரி ஊரைக் கழுவிவிட்டுப் போகிறார்கள். அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால்தான் ஆயிரக்கணக்கான குதிரைவீரர்கள் சாவு என்று கத்திக்கொண்டே ஈட்டிக்கு நேராகப் பாய்ந்தார்கள். அவர்கள் கிழவன் ராஜா செத்தது எதற்கு? உங்கள் அம்மா கேட்டது இதே கேள்விதான்.

டோல்கீனுக்கே இந்தப் பயம் இருந்தது. ஒருவர் அவர் கதையைப் படமாக்க ஒரு சுருக்கம் எழுதி அனுப்பியபோது, அதில் கழுகுகளைக் கண்டபடி பயன்படுத்தியிருப்பதைப் பார்த்து, அவை ஆபத்தான கருவி, நானே கொஞ்சமாகத்தான் எடுத்தாண்டேன் என்று 1958-ல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

மார்த்தாண்டம் மாணவி

ஒரு சின்ன விஷயம் மட்டும். எங்கள் பாடத்தில் வருகிறது. பழைய கிரேக்க மேடையில் தெய்வத்தை இறக்குவதற்கு மரத்தில் ஒரு பாரந்தூக்கி இருந்தது, கதை சிக்கிக்கொண்டால் மேலிருந்து தெய்வம் இறங்கி முடித்துவைக்கும். மெடியா நாடகத்தின் கடைசியில் அவள் பாட்டன் சூரியன் அனுப்பிய தேரில் ஏறித் தப்பிப்பாள். அரிஸ்டாட்டில் அதைக் குறிப்பிட்டு, முடிச்சு கதைக்குள்ளிருந்தே அவிழ வேண்டும், பாரந்தூக்கியிலிருந்து அவிழக்கூடாது என்கிறார். அக்கா, உங்கள் திருக்கை இப்போது பாரந்தூக்கியில் தொங்குகிறது. எழுத்தில் தாத்தாதான் அதைக் கடலில் வைத்திருந்தார்.

மலையடிவாரம்

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வீடு பொற்றையடிப் பக்கம். மருந்துவாழ்மலை என் வீட்டு வாசலில் நின்றால் தெரியும். அனுமன் தூக்கிப் போன சஞ்சீவி மலையில் இருந்து விழுந்த துண்டுதான் இது என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள். ஒருமுறை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலை ஏறினேன். பாதிவழியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது ஒரு பையன் கேட்டான்: "இவ்வளவு பெரிய மலையைத் தூக்கினவர், சீதையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தால் சண்டையே வேண்டாமே சார்?" நல்ல கேள்வி. உங்கள் அம்மா கேட்டதும் இந்த வகைதான் மகளே.

இதற்குப் பதில் கம்பரிடம் இருக்கிறது, கதைக்கு உள்ளேயே இருக்கிறது. சுந்தர காண்டத்தில் சூளாமணிப் படலத்தைப் பாருங்கள். அனுமனே கேட்டுவிடுகிறான், தாயே என் தோளில் ஏறுங்கள், இப்போதே கொண்டுபோய் சேர்த்துவிடுகிறேன் என்று. சீதை மறுக்கிறாள். எல்லையில்லாத உலகங்களைக்கூட என் ஒரு சொல்லால் சுட்டுவிடுவேன், ஆனால் அது இராமனுடைய வில்லின் ஆற்றலுக்கு மாசு, அதனால் அதை வீசிவிட்டேன் என்கிறாள். சுலபமான வழி இருக்கிறது என்று கவிஞர் ஒளிக்கவில்லை. அதைக் கதைமாந்தர் ஒருவர் வாயாலேயே கேட்கவைத்து, இன்னொருவர் வாயால் மறுக்கவைக்கிறார், மறுப்பதில் சீதை யார் என்பதும் நமக்குத் தெரிகிறது. அதற்கப்புறம் எத்தனை ஆயிரம் பேர் போரில் விழுந்தாலும் அந்தக் கேள்விக்கு இடமில்லை.

நாகபாசத்தில் இலக்குவன் கட்டுண்டு கிடக்கும்போது கருடன் வருகிறானே, அவனை யாரும் அழைக்கவில்லையே என்று கேட்கலாம். இராமன் யார், கருடன் யாருக்கு வாகனம் என்பது கேட்கிறவர்களுக்கு முன்பே தெரியும், அதனால் அது உறவாகத் தெரிகிறது. வந்தவன் கட்டை அவிழ்த்துவிட்டுப் போய்விடுகிறான், போரை நடத்தித் தரவில்லை. உங்கள் கேட்பவர்களுக்குத் திருக்கையோடு நீலவேணிக்கு என்ன உறவு என்று தெரியாது. என் யோசனை இதுதான்: அவள் சிறையில் இருக்கும்போது யாராவது அவளிடம் "அதைக் கூப்பிடேன்" என்று சொல்லட்டும். அவள் மறுக்கட்டும். ஏன் மறுக்கிறாள் என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முட்டத்துக்காரி

சார், இதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன். மறுப்பதற்குக் காரணம் என்னிடம் உண்டு என்று நினைக்கிறேன். கோட்டை மதிலில் எறியீட்டி வைத்திருக்கிறார்கள், 3-வது பகுதியிலேயே அந்தச் சத்தம் வந்துவிட்டது. திருக்கை வந்தால் செத்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் திருக்கை எப்படி அவளுக்குக் கடன்பட்டது என்பதை எங்கே சொல்ல? தாத்தா இல்லை. 4-வது பகுதியில் எனக்கு மிச்சம் இருப்பது இரண்டு நிமிடம்.

வில்லுக்குறி

என் மாமா வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடிப்பவர். கோயில் கொடையில் நேரம் குறைந்துபோய், பூசைக்கு நேரமாச்சு சீக்கிரம் முடிங்க என்று கமிட்டிக்காரர்கள் வந்து நிற்பதை நிறைய பார்த்திருக்கிறேன். அப்போது புலவர் ஊர் வர்ணனையைச் சுருக்குவார், கல்யாணச் சீரைச் சுருக்குவார், சண்டையைக்கூட நாலு வரியில் அடித்துவிடுவார். வரம் வாங்குகிற இடத்தை மட்டும் விடமாட்டார். வரத்தில் என்ன நிபந்தனை இருக்கிறதோ அதை வீசுகோலால் ஓங்கி அடித்துச் சொல்லுவார். மாமா சொல்வது, வரம் சொல்லாமல் விட்டால் கடைசியில் சாமியாடுகிற கோமரத்தாடிக்கே அருள் வராது என்று. அண்ணன் வள்ளம் கட்டுகிற காட்சி 4-வது பகுதியில் நீளமாக இருக்குமே, அதில் இருந்து எடுங்கள்.

தக்கலை வாசகன்

ஆமாம், வரமும் நிபந்தனையும் ஒருசேர வர வேண்டும். ஹாரி பாட்டர் இரண்டாம் கதையில் தலைமையாசிரியரின் ஃபீனிக்ஸ் பறவை வந்து காப்பாற்றுவது யாரையும் உறுத்தாது. அதன் கண்ணீருக்குக் காயம் ஆறும், பெரிய பாரம் தூக்கும் என்று தலைமையாசிரியர் தன் அறையில் எப்போதோ பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருப்பார். ஆனால் மூன்றாம் கதையில் காலத்தைத் திருப்பும் கருவிக்கு அப்படி உறுதியான எல்லை போடவில்லை, எல்லாச் சாவுக்கும் அதை எடுக்கலாமே என்ற கேள்வி நின்றது. கடைசியில் ஐந்தாம் கதையில் அலமாரியோடு எல்லாவற்றையும் உடைக்க வேண்டியதாயிற்று.

குளச்சல் வள்ளம்

நான் கதை எழுதுகிறவன் இல்லை, கடலுக்குப் போகிறவன். உங்கள் மூன்று பகுதியையும் கேட்டேன் தங்கச்சி. இரண்டாம் பகுதியில் நீலவேணி அம்மாவோடு கடற்கரையில் இருந்து கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருப்பாள். அந்த வலை எப்படிக் கிழிந்தது என்று கடைசிவரை சொல்லவில்லை. நான் அப்போதே நினைத்தேன், எதற்கோ வைத்திருக்கிறார்கள் என்று.

மீன் கிழித்த வலையும் கத்தி பட்ட வலையும் கையில் எடுத்தாலே தெரியும். மீன் இழுத்துக் கிழித்தால் நூல் பிசிறிக்கிடக்கும், பக்கத்துக் கண்ணியெல்லாம் இழுபட்டு முடிச்சு இறுகியிருக்கும். கத்தியால் அறுத்தால் முனை வெட்டினாற்போல நேராக இருக்கும். வலையைத் தொட்ட அம்மாவுக்கு அது தெரியாமல் போகாது.

இன்னொன்று. கொம்புத்திருக்கை தண்ணீரை விட்டு எழும்பி விழுவதை நாங்கள் பார்ப்போம். பலகையைத் தூக்கித் தண்ணீரில் அறைந்தது போல ஒரு சத்தம் வரும், ராத்திரி என்றால் நெஞ்சு திடுக்கென்று ஆகும். அந்தச் சத்தத்தை 4, 5 பகுதிகளில் தூரத்தில் ஒருதரம் கேட்கவையுங்கள். பறக்கத் தெரிந்தது என்று யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டாம்.

முட்டத்துக்காரி

அண்ணா, அந்த வலைக் காட்சியை நான் சும்மா கடற்கரைச் சூழலுக்காக எழுதினேன், சத்தியமாக வேறு எண்ணம் இல்லை. இப்போது போய் எழுதுகிறேன்.

முட்டத்துக்காரி (ஐந்து நாள் கழித்து)

செய்து முடித்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். 4-வது பகுதியில் வள்ளம் கட்டும் காட்சியில் இரண்டு நிமிடம் வெட்டினேன், கையில் இருந்ததோடு சேர்த்து நான்கு நிமிடம் ஆனது. நீலவேணி காணாமல்போன அன்று அவள் அம்மா அந்த வலையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருக்கிறாள். நூல் முனை நேராக இருப்பது விரலுக்குத் தெரிகிறது. "சுறா கிழிச்சதுன்னுல்லா சொன்னா" என்கிறாள். அங்கிருந்து பழைய நாளுக்குப் போகிறோம்: வலையில் குட்டி, நீலவேணி கையில் கத்தி, பக்கத்தில் தாய்த்திருக்கை, ஒரே முறை என்ற வாக்கு. தாத்தா செய்ததை இப்போது அவளே செய்கிறாள், அதனால் கடன் நேராக அவளுக்கே வந்துவிட்டது. காட்சி முடியும்போது தூரத்தில் அந்த அறை விழும் சத்தம். எங்கள் கிணற்றுத் தொட்டியில் ஈரச் சாக்கை ஓங்கி அடித்துப் பதிவு செய்தோம், நன்றாக வந்திருக்கிறது.

5-வது பகுதியில் சிறையில் சோறு கொண்டுவரும் கிழவி "கூப்பிட்டால் வருமாமே" என்று கேட்கிறாள், நீலவேணி மதிலில் இருக்கும் ஈட்டிகளை எண்ணிச் சொல்லி மறுக்கிறாள். அண்ணன் படகுகள் எரியும்போதும் அழைக்கவில்லை, அந்தக் குற்ற உணர்ச்சியைக் கதை முடியும் வரை அவள் சுமக்கப்போகிறாள். 6-ல் அவள் அழைக்காமலே திருக்கை வருகிறது, ஏனென்றால் கடன் அதனுடையது, எப்போது தீர்ப்பது என்பதும் அதனுடையது. வந்ததற்கு ஒரு கொம்பு போகிறது. இனி அது திரும்பி வராது, 8-வது பகுதிச் சண்டையை மனிதர்களே போட வேண்டும்.

நேற்று ராத்திரி அம்மா 4, 5, 6 மூன்று பகுதியையும் சேர்த்துக் கேட்டார். திருக்கை வந்த இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை, கண்ணைத் துடைத்தார். முடிந்ததும், "அந்த வல கடன்ல வாங்கினதுன்னு ரெண்டாம் பகுதியில சொன்னாளே, அந்தக் கடனை யாரு அடச்சா?" என்றார்.

7-வது பகுதியில் வட்டிக்காரன் வீட்டு வாசலில் நீலவேணி போய் நிற்பதாக இன்று காலையில் எழுத ஆரம்பித்திருக்கிறேன்.