எஸ்த்ரெமதுரா வசந்தம்: பறவைப் படத்துக்குக் காசு கொடுத்து ஹைடில் உட்காரலாமா?

நிழற்குடை:

வணக்கம். ஏப்ரல் மூன்றாவது வாரம் ஸ்பெயினின் எஸ்த்ரெமதுரா பகுதிக்குப் பறவைப் படம் எடுக்கப் போகிறேன். உள்ளூர் வழிகாட்டி ஒருவரிடம் விசாரித்தேன். கானமயிலின் உறவான பெரிய பஸ்டர்டுக்கு ஒரு நாள், பஞ்சுருட்டான்கள் வளை தோண்டும் மணல் கரையில் ஒரு நாள், பாறுகளுக்கு, அதாவது பிணந்தின்னிக் கழுகுகளுக்கு, இரை போடும் இடத்தில் ஒரு நாள் என்று மூன்று நாள் ஹைடில், அதாவது மறைகூடாரத்தில், உட்கார வைப்பாராம். நாளுக்கு நூறு யூரோவுக்கு மேல் ஆகிறது. மற்ற நாட்களில் அவரோடு வண்டியில் சுற்றலாம். என்னிடம் இருப்பது 500 எம்எம் லென்ஸ். கூட வேலை செய்யும் ஸ்பெயின்காரர் ஒருவர், "இனப்பெருக்கக் காலத்தில் இதெல்லாம் செய்யக் கூடாது" என்கிறார். வழிகாட்டியோ, "ஹைட் இருப்பதால்தான் தொந்தரவு குறைகிறது" என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கானகன்:

தாராளமாகப் போங்கள். ஹைடுக்கு மட்டும் பணம் கட்டாதீர்கள். ஏப்ரலும் மேயும் அந்தப் பறவைகளுக்கு ஆண்டிலேயே நெருக்கடியான மாதங்கள். இணை சேர்வது, முட்டை வைப்பது, அடைகாப்பது, குஞ்சுக்கு இரை தேடுவது எல்லாம் அந்தக் கொஞ்ச நாளுக்குள் நடந்தாக வேண்டும். ஜூன் வந்தால் அந்த நிலம் காய்ந்து வைக்கோல் நிறமாகிவிடும்.

பஞ்சுருட்டான் கரை ஒன்றில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மணல் மேட்டில் வளைகள். அவற்றுக்கு ஏழெட்டு மீட்டர் தள்ளி நாலு கம்பு நட்டு, வலைத்துணி கட்டி, பின்னால் ஆட்களை உட்கார வைத்திருந்தார்கள். ஒரு பறவை தும்பியைப் பிடித்துக்கொண்டு எதிரே காய்ந்த கிளையில் வந்து அமர்ந்தது. தும்பியைக் கிளையில் அடித்தது. வளையைப் பார்த்தது, துணியைப் பார்த்தது, மறுபடி வளையைப் பார்த்தது. உள்ளே போகவில்லை. ஷட்டர் சத்தம் நிற்கவே இல்லை. கடைசியில் தும்பியைத் தானே விழுங்கிவிட்டுப் பறந்துபோனது. அன்றைக்கு எல்லோருக்கும் அழகான படம் கிடைத்திருக்கும். வளைக்குள் இருந்த பறவைக்கு இரை போய்ச் சேரவில்லை.

காசில்லாமலே நல்ல படம் எடுக்க அங்கே இடம் இருக்கிறது. மோன்ஃப்ராகுவே தேசியப் பூங்காவில் சால்தோ தெல் ஹிதானோ என்ற திருப்பத்தில், சாலை ஓரத்திலேயே நின்றுகொள்ளுங்கள். தாஹோ ஆற்றுக்கு அந்தப் பக்கம் செங்குத்துப் பாறை, அதில் கிரிஃபன் பாறுகளின் கூடுகள். வெயில் ஏறி காற்று சூடானதும் உங்கள் கண் மட்டத்தில் மிதந்து போகும். கருநாரையும் அதே பாறையில் கூடு கட்டும். மல்பார்த்தீதா ஊருக்குப் பக்கத்தில் லோஸ் பார்ருவேகோஸ் என்ற இடம், உருண்டைக் கருங்கற்களின் உச்சியில் செங்கால் நாரைகள் கூடு கட்டியிருக்கும். த்ருஹியோ ஊரில் காளைச் சண்டை அரங்கத்தின் ஓட்டுக்கூரையில் சின்ன வல்லூறுகள் கூட்டமாக வாழ்கின்றன. அந்த அரங்கமே பறவைகளுக்கான பாதுகாப்புப் பகுதி. இவற்றுக்கு எந்தக் கூடாரமும் வேண்டாம்.

தேன்மொழி:

கானகன் அண்ணா, அந்தக் கரையில் நடந்தது தப்புதான், நானும் உங்கள் பக்கம். ஆனால் அது மோசமான வழிகாட்டியின் வேலை. பறவை வந்த பிறகு அன்றைக்குக் காலையில் கட்டிய துணியை ஹைட் என்றே சொல்ல முடியாது. பறவை ஆப்பிரிக்காவிலிருந்து வந்து சேரும் முன்பே போட்டு, வளையை விட்டுத் தள்ளி, அவை வந்து உட்காரும் கிளைக்கு எதிரே வைப்பதுதான் முறை. குறி அந்தக் கிளை. வளையைக் குறிவைக்கவே கூடாது.

நீங்கள் சொன்ன இடங்கள் எல்லாம் அருமையானவை. ஆனால் அவை பாறைப் பறவைகளும் ஊர்ப் பறவைகளும். புல்வெளிப் பறவைகளை என்ன செய்வீர்கள்? பெரிய பஸ்டர்டுகள் காரை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். கதவைத் திறந்து ஒரு ஆள் இறங்கினால் போதும், பல நூறு மீட்டருக்கு அப்பாலேயே தலையை நிமிர்த்தி நடக்க ஆரம்பித்துவிடும். இன்னும் கிட்டே போனால் கூட்டமே எழும்பிவிடும். பெண்களைக் கவர ஆண் பறவைகள் ஆடும் களத்தில் அப்படி ஒரு தடவை எழுப்பினால் அந்தக் காலைப் பொழுதே வீண். வழிகாட்டி இல்லாமல் வருகிறவர்கள் படத்துக்காக வயலில் இறங்கி நடப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

முறையான ஹைட் எப்படி நடக்கும் என்று நிழற்குடைக்காகச் சொல்கிறேன். விடிவதற்கு ரொம்ப நேரம் முன்பே, இருட்டில், வழிகாட்டி ஜீப்பில் கொண்டுபோய் விடுவார். வண்டி திரும்பிப் போய்விடும். அப்புறம் பறவைகள் தாமாகக் களத்தை விட்டு நகரும் வரை வெளியே வரக் கூடாது. அது மதியமாகலாம், இருட்டும் வரைகூட ஆகலாம். சாப்பாடு, தண்ணீர், சிறுநீருக்கு ஒரு புட்டி எல்லாம் உள்ளேயே. குளிர் எலும்பில் இறங்கும். முதலில் வானம்பாடிகளின் சத்தம்தான் கேட்கும், வெளிச்சம் அப்புறம்தான். பச்சைப் பயிருக்கு நடுவே தூரத்தில் ஒரு வெள்ளைக் குவியல் தெரியும். நம்மால் அதைப் பறவை என்றே எண்ண முடியாது. ஆண் பறவை வாலை முதுகின் மேல் மடித்து, சிறகுகளைப் புரட்டி, அடியில் இருக்கும் வெள்ளை இறகு முழுவதையும் வெளியே கொண்டுவந்துவிடும். தொண்டை ஊதி நிற்கும், மீசை இறகுகள் முகத்தின் இரு பக்கமும் நட்டுக்கொண்டு நிற்கும். பதினைந்து கிலோ வரை வளரும் பறவை நின்ற இடத்தில் நடுங்கும். பெண்கள் ஓரமாக மேய்ந்தபடி ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுப் போகும். அவ்வளவு நேரமும் கூடாரம் இருப்பதை ஒன்றுகூடச் சட்டை செய்யவில்லை.

1980இல் தடை வரும் வரை இதே பறவையைச் சுட வெளியூரிலிருந்து ஆட்கள் அங்கே வந்தார்கள். இன்று கேமராவோடு வருகிறார்கள். இந்த மாற்றத்தை நான் மதிக்கிறேன்.

கானகன்:

தேன்மொழி, நீ சொல்கிற ஒழுக்கம் எத்தனை பேரிடம் இருக்கிறது? ஸ்பெயினின் 2007ஆம் ஆண்டு இயற்கைச் செல்வச் சட்டம் வேண்டுமென்றே காட்டு விலங்கைத் தொந்தரவு செய்வதைத் தடுக்கிறது, இனப்பெருக்கக் காலத்தைத் தனியாகவே குறிப்பிடுகிறது. ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்குத் தனியார் வயலுக்குள் என்ன நடக்கிறது என்று யார் போய்ப் பார்ப்பது? ஒருவர் முப்பது மீட்டரில் படம் தருகிறார் என்றால் அடுத்தவர் இருபது மீட்டரில் தருவார். வாடிக்கையாளர் இருபதுக்குத்தான் போவார். காசு நுழைந்த இடத்தில் தூரம் குறைந்துகொண்டே போகும், என் பயமே இதுதான்.

வரப்போரம்:

இரண்டு பேரும் பறவைக்கும் கேமராவுக்கும் நடுவில் நின்றே பேசுகிறீர்கள். நிலம் யாருடையது என்று பாருங்கள். நான் விவசாயக் குடும்பம், எனக்கு அதுதான் முதலில் கண்ணில் படுகிறது.

எஸ்த்ரெமதுராவில் பெரும்பகுதி தனியார் நிலம், வேலி போட்டது. ஓக் மரம் நிற்கும் தெஹேசா மேய்ச்சல் காடு ஒரு பக்கம், கோதுமையும் பார்லியும் விளையும் திறந்தவெளி இன்னொரு பக்கம். உலகில் உள்ள பெரிய பஸ்டர்டுகளில் பாதிக்கு மேல் ஸ்பெயினில்தான் இருக்கின்றன. அவை நிற்பது காட்டில் இல்லை, விவசாயியின் தானிய வயலில். ஒரு வருடம் பயிர், ஒரு வருடம் தரிசு என்ற பழைய சுழற்சிதான் அவற்றுக்கு வீடும் சோறும். தரிசு விட்டே ஆக வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றிய விதி 2008இல் போனது. இப்போது தரிசு குறைந்து வருகிறது. நெருக்கமாக நட்ட ஆலிவ், பாதாம், சூரிய மின்தகடு எல்லாம் வருகின்றன. மான்டேகு பூனைப்பருந்து பயிருக்குள் தரையிலேயே கூடு கட்டும். முன்கூட்டியே விளையும் ரகம் போட்டு அறுவடை முந்தினால், பறக்கத் தெரியாத குஞ்சுகள் அறுவடை இயந்திரத்துக்குள் போய்விடும். கூட்டைச் சுற்றி ஒரு துண்டுப் பயிரை அறுக்காமல் விடச் சொல்லி, அங்கே ஒவ்வொரு ஆண்டும் தன்னார்வலர்கள் வயல் வயலாக அலைகிறார்கள்.

அந்த விவசாயிக்கு "இந்தப் பறவை உன் வயலில் இருப்பதால் உனக்கு இவ்வளவு வருமானம்" என்று காட்ட முடிந்தால், அதை விட வலுவான காவல் எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை: காசு நிலத்துக்காரர் கைக்குப் போக வேண்டும். பல இடங்களில் வழிகாட்டி வாங்குவதில் விவசாயிக்கு எதுவும் போவதில்லை. நிழற்குடை, உங்கள் வழிகாட்டியிடம் முதலில் அதைக் கேளுங்கள்.

கானகன்:

ஐயா, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு வயலில் ஹைடில் வரும் காசு, ஒரு சூரிய மின் நிறுவனம் தரும் குத்தகைக்கு முன்னால் நிற்காது. தரிசைக் காக்க வேண்டியது வேளாண் மானியம். புகைப்படச் சுற்றுலா அதைச் செய்யும் என்று நம்பி உட்கார்ந்தால் நிலம் போய்விடும்.

பாறு நேசன்:

மூன்றாவது ஹைடைப் பற்றி யாரும் பேசவில்லை. நீலகிரிப் பக்கம் பாறுகளுக்காக வேலை செய்கிறவன் என்பதால் எனக்கு அதுதான் முக்கியம்.

ஸ்பெயினில் செத்த கால்நடையை ஊருக்கு வெளியே ஒரு இடத்தில் போட்டுப் பாறுகளுக்கு விடுவது தலைமுறை தலைமுறையாக உள்ள வழக்கம். மாட்டுப் பித்து நோய் வந்த பிறகு, 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பிய விதிகள் அதை நிறுத்தின. பிணங்களை எடுத்துப்போய் எரித்தார்கள், பாறுகள் பட்டினி கிடந்தன. 2011 வாக்கில் விதியைத் தளர்த்தினார்கள். ஆகவே இரை போடும் இடம் படக்காரருக்காகப் பிறந்ததில்லை. முறையான அனுமதியோடு நடக்கும் இடத்தில் கருப்பாறு, கிரிஃபன், மஞ்சள்முகப் பாறு மூன்றையும் ஒரே தரையில் பார்க்கலாம். கூட்டிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் கூட்டுக்குத் தொந்தரவும் இல்லை. மூன்று ஹைடில் எனக்கு மனம் ஒப்புவது இதுதான்.

ஆனால் இரை எங்கிருந்து வருகிறது என்று கேட்டே ஆக வேண்டும். டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து கொடுத்த மாட்டின் பிணத்தைத் தின்று நம் நாட்டில் பாறுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன, 2006இல் கால்நடைக்கு அதைத் தடை செய்தோம். இது தெரிந்தும் 2013இல் ஸ்பெயின் அதே மருந்தைக் கால்நடைக்கு அனுமதித்தது. 2020இல் கட்டலோனியாவில் செத்த ஒரு கருப்பாறுக் குஞ்சுக்கு அந்த மருந்தே காரணம் என்று பின்னர் உறுதியானது. எனக்கு இன்னும் அதை நினைத்தால் கோபம் வருகிறது. என்ன மருந்து உள்ளே போனது என்று தெரியாத பிணத்தை வைத்துப் படம் எடுக்க யாரும் காசு கொடுக்கக் கூடாது.

நிழற்குடை:

எல்லோருக்கும் நன்றி. வழிகாட்டிக்கு எழுதிக் கேட்டேன். இரை ஒரே பண்ணையிலிருந்து வருகிறது, கால்நடை மருத்துவரின் சான்று இருக்கிறது என்கிறார். கட்டணத்தில் ஒரு பங்கு நிலத்துக்காரருக்கு. மாநில அரசின் சுற்றுச்சூழல் துறை கொடுத்த அனுமதிக் கடிதத்தின் நகலையும் அனுப்பினார். பஞ்சுருட்டான் ஹைட் எப்போது போட்டது என்று கேட்டதற்கு மட்டும் பதில் தெளிவாக இல்லை. அதற்குப் பதிலாகத் தண்ணீர்க் குட்டை ஹைட் எடுத்துக்கொள்ளலாமா? இன்னொன்று, சிறு பஸ்டர்டுக்கும் ஒரு காலை சேர்க்கலாம் என்கிறார்.

தேன்மொழி:

பதில் தெளிவாக இல்லையென்றால் பஞ்சுருட்டானை விட்டுவிடுங்கள். அவை மின்கம்பியிலும் வேலியிலும் உட்காரும், காரின் கண்ணாடியை இறக்கி, கதவில் பயறு மூட்டை வைத்து லென்ஸைச் சாய்த்தாலே போதும். கார் தான் அங்கே நல்ல ஹைட். தண்ணீர்க் குட்டைக்கு இது காலம் இல்லை. வசந்தத்தில் மழைத் தண்ணீர் எங்கும் தேங்கியிருக்கும், பறவை உங்கள் குட்டைக்கு ஏன் வர வேண்டும்? ஜூனுக்கு மேல்தான் அது பலன் தரும். ஒருபக்கக் கண்ணாடி வைத்த ஹைடாக இருந்தால் ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சமாவது போய்விடும், விடியலில் கேமராவின் ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓ ஏறும், தெரிந்துகொள்ளுங்கள். பத்து பதினொரு மணிக்கு மேல் தரையிலிருந்து கானல் எழும்பும். அப்புறம் தூரத்துப் படம் எதுவும் கூர்மையாக வராது. பெரிய பஸ்டர்டின் ஆட்டம் மார்ச் கடைசியில் சூடுபிடித்து ஏப்ரல் போகப் போகத் தணியும், அதனால் அந்தக் காலையை முதல் நாளே வையுங்கள்.

கானகன்:

கடிதம் அனுப்பியவர் ஓரளவு ஒழுங்கானவர் என்று ஒப்புக்கொள்கிறேன். பாறு ஹைடுக்குப் போங்கள், நான் எதிர்க்கவில்லை. பெரிய பஸ்டர்டில் எனக்கும் தேன்மொழிக்கும் ஒத்துப்போகாது, அது இருக்கட்டும்.

சிறு பஸ்டர்டு மட்டும் வேண்டவே வேண்டாம். 2005க்கும் 2016க்கும் இடையே எடுத்த கணக்கில் ஸ்பெயினில் அது கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. 2023இல் அழியும் ஆபத்தில் உள்ளவை என்ற பட்டியலுக்குப் போய்விட்டது. ஆண் பறவை ஒரு சின்ன இடத்தைப் பிடித்துக்கொண்டு, வறட்டுக் குரலில் கத்தி, காலை மாலை எம்பிக் குதித்து, பெண் வருமா என்று காத்திருக்கும். பல இடங்களில் பெண்ணே வருவதில்லை. அப்படி மிச்சமிருக்கும் ஒரு ஆணுக்கு முன்னால் கூடாரம் போட எந்த அனுமதிக் கடிதம் இருந்தாலும் எனக்குச் சம்மதமில்லை. அதேபோல அரகோன் பக்கம் பெல்சித்தே புல்வெளிக்குப் போனால், ஐரோப்பாவில் ஸ்பெயினில் மட்டுமே இருக்கும் டூபோன் வானம்பாடியைப் படம் எடுக்கக் குரல் பதிவை ஒலிக்கவிடுவார்கள். எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து அது பாடுவதை விட்டு ஓடி வரும். அதையும் கேட்காதீர்கள்.

தேன்மொழி:

டூபோன் வானம்பாடியில் முழுக்க ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. சிறு பஸ்டர்டிலும், படத்துக்காக என்றால், சரிதான். ஆனால் பெரிய பஸ்டர்டையும் அதோடு சேர்த்துக் கட்டாதீர்கள். ஸ்பானிய ராஜாளி 1970களில் சில பத்து இணைகளே இருந்தது, இன்று 800ஐத் தாண்டிவிட்டது. மின்கம்பங்களைத் திருத்தினார்கள், விஷம் வைப்பவர்களைப் பிடித்தார்கள். கூடவே அந்தப் பறவையைப் பார்த்து உள்ளூர்க்காரர்கள் பெருமைப்படுகிற நிலையும் வந்தது. வெளியூர்க்காரர்கள் தேடி வருவதற்கு அந்தப் பெருமையில் பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன்.

நிழற்குடை:

சிறு பஸ்டர்டு வேண்டாம் என்று எழுதிவிட்டேன். பஞ்சுருட்டானையும் எடுத்துவிட்டேன். முதல் நாள் பெரிய பஸ்டர்டு, மூன்றாம் நாள் பாறு, நடுவில் சால்தோ தெல் ஹிதானோவும் த்ருஹியோவும். கானகன் அண்ணா, சால்தோவில் பாறைக்கு வெளிச்சம் காலையில் நல்லதா, மாலையிலா?

கானகன்:

பாறுகளுக்கு நடுக்காலை, காற்று சூடேறி மேலே எழும்ப ஆரம்பிக்கும் நேரம். சீக்கிரம் போய்ச் சாலைத் தடுப்புக்கு உள்பக்கம் இடம் பிடித்துக்கொள்ளுங்கள், வளைவில் வண்டிகள் வேகமாக வரும். கருநாரைக்குத் தண்ணீர் ஓரத்துப் பாறைகளைத் தொலைநோக்கியில் பொறுமையாகத் தேடுங்கள். பெரிய பஸ்டர்டு ஹைடிலிருந்து வெளியே வந்த பிறகு, பறவைகள் எத்தனை மணிக்குக் களத்தை விட்டுப் போயின, தாமாகப் போயினவா என்று இங்கே எழுதுங்கள். அதைப் படிக்கக் காத்திருப்பேன்.