கேப்ட்சா என்ற பெயரில் வரும் கட்டளை: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கட்டளைவரி:

கேப்ட்சா என்பது நாம் மனிதர்தானா என்று வலைப்பக்கம் வைக்கும் சோதனை. அதன் பெயரில் வரும் ஒரு போலியை இதற்குள் பலரும் பார்த்திருப்பீர்கள், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். படத்தில் சைக்கிள் எங்கே என்று இது கேட்பதில்லை. விண்டோஸ் விசையோடு ஆர் (கட்டளைகளை ஓட்டும் ரன் பெட்டி திறக்கும்), பிறகு கண்ட்ரோல் வி (ஒட்டும்), பிறகு என்டர் தட்டச் சொல்லும். இதுதான் "சரிபார்ப்பு". முதல் கட்டத்தை நாம் கிளிக் செய்யும்போதே அந்தப் பக்கத்தில் உள்ள ஸ்கிரிப்ட் ஒரு கட்டளையை கிளிப்போர்டில், அதாவது காப்பி செய்தவை தங்கும் இடத்தில், வைத்துவிடுகிறது.

அலுவலகக் கணினி ஒன்றில் என்டர் தட்டுவதற்கு முன் நிறுத்தப்பட்ட ஒன்றைப் பார்க்கக் கிடைத்தது. ரன் பெட்டியில் தெரிந்ததெல்லாம் "நான் ரோபோ அல்ல, சரிபார்ப்பு எண்" என்ற ஆங்கில வாசகமும் சில இலக்கங்களும்தான். ஹோம் விசையைத் தட்டியதும் கர்சர் வரியின் தலைக்குப் போனது. அங்கே பவர்ஷெல் (விண்டோஸில் கட்டளைகளை ஓட்டும் நிரல்), "விண்டோவை மறை" என்ற சுவிட்ச், ஒரு வலை முகவரி. ரன் பெட்டி சின்னது. நீளமான வரியை ஒட்டினால் வால்தான் தெரியும். அந்த வாலில் ஹேஷ் குறி போட்டு எழுதியிருந்தது வெறும் கமென்ட். பவர்ஷெல் அதைப் பொருட்படுத்தாது, அது மனிதக் கண்ணுக்காக எழுதியது.

பிரவுசர் ஏன் தடுக்கவில்லை என்று கேட்கிறார்கள். பிரவுசர் வழியாக ஒரு கோப்பு இறங்கினால், "இது இணையத்திலிருந்து வந்தது" என்ற குறிப்பு அதனுடன் ஒட்டிக்கொள்ளும். விண்டோஸின் ஸ்மார்ட்ஸ்கிரீன் எச்சரிக்கை அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் வருகிறது. இங்கே பிரவுசர் எதையும் இறக்கவில்லை. கட்டளையை ஓட்டியது உங்கள் விரல்.

2024 முதல் கிளிக்ஃபிக்ஸ் என்ற பெயரில் இது பரவுகிறது. பின்னால் வருவது பெரும்பாலும் லும்மா மாதிரியான திருட்டு நிரல். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள், குக்கிகள், கிரிப்டோ வாலட் கோப்புகள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகும். பல வகைகள் வேலை முடிந்ததும் வட்டில் எதையும் விட்டுவைப்பதில்லை. ஆகவே பிறகு ஸ்கேன் ஓட்டி "எதுவும் இல்லை" என்று வந்தால் நிம்மதி அடையாதீர்கள்.

யாராவது தட்டினார்களா என்று தெரிய வேண்டுமா? விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில், நடப்புப் பயனர் பகுதியில், எக்ஸ்புளோரருக்குக் கீழே ரன்எம்ஆர்யூ என்ற கீ இருக்கிறது. ரன் பெட்டியில் ஓட்டியவை அங்கே பதிவாகும். நீங்கள் இதை எந்த வேடத்தில் பார்த்தீர்கள்?

பழையவிண்டோஸ்:

வேடம் புதிது, வேலை பழையது. 2002இல் சுற்றிய கரடி பொம்மை மெயில் நினைவிருக்கும். "உங்கள் கணினியில் ஜேடிபிஜிஎம்ஜிஆர் டாட் எக்ஸ்இ என்ற கோப்பைத் தேடுங்கள். கரடிக்குட்டி ஐகான் இருந்தால் அது வைரஸ். ஆன்டிவைரஸ் கண்டுபிடிக்காது. அழித்துவிட்டு உங்கள் முகவரிப் புத்தகத்தில் உள்ள எல்லோருக்கும் சொல்லுங்கள்."

தேடினால் அந்தக் கரடி உண்மையாகவே இருக்கும்! அதுதான் அந்த மெயிலின் பலம். அது மைக்ரோசாஃப்ட் ஜாவாவுக்கான டீபக்கர் (பிழை தேடும் கருவி) பதிவு நிரல், அப்போது விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. ஆன்டிவைரஸ் கண்டுபிடிக்காது என்பதும் உண்மை, ஏனென்றால் அது வைரஸே இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு சல்ஃப்என்பிகே என்ற கோப்பை வைத்து இதே ஆட்டம். அது விண்டோஸ் 98இல் நீளமான கோப்புப் பெயர்களைக் காத்து மீட்கும் கருவி.

அனுப்பியவர் எல்லாம் நல்லவர்கள். நண்பருக்கு உதவி என்று நினைத்து அனுப்பினார்கள். எனவே "தெரிந்தவரிடமிருந்து வந்தது" என்பது எந்தக் காலத்திலும் சான்றாகாது. கோப்பு பற்றிச் சந்தேகம் என்றால் வலது கிளிக், பிராப்பர்டீஸ், டிஜிட்டல் கையொப்பம் பாருங்கள். கையொப்பம் இல்லாததாலேயே கெட்டது என்று ஆகிவிடாது, பெயரை வைத்துத் தேடிவிட்டு முடிவு செய்யுங்கள். சிஸ்டம் கோப்பை மெயில் சொல்லி அழிப்பது வேண்டவே வேண்டாம்.

தலைப்புரை:

கிளிப்போர்டு கதை சரி, ஆனால் பெரும்பாலானவர்களுக்கு முதலில் வருவது மெயில்தானே. மெயிலின் தலைப்பை, அதாவது பொருள் வரியை அல்ல, மெயிலோடு மறைந்து வரும் ஹெடரைப் படிக்கக் கற்றால் பாதிப் பிரச்சினை தீரும். ஜிமெயிலில் மூன்று புள்ளி, "ஷோ ஒரிஜினல்". எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று அனுப்பிய டொமைனைச் சரிபார்க்கும் மூன்று சோதனைகளுக்கும் பாஸ் அல்லது ஃபெயில் என்று மேலேயே இருக்கும். மெயில் கடந்துவந்த சர்வர்கள் எழுதும் ரிசீவ்டு வரிகளைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும், அடியில் இருப்பதுதான் முதலில் எழுதப்பட்டது. ஆனால் நம்முடைய சர்வர் எழுதிய வரிகளை மட்டும் நம்பலாம், அதற்குக் கீழே உள்ளவற்றை அனுப்புகிறவர் இட்டுக்கட்டலாம். பதில் போகும் ரிப்ளை டூ முகவரி, அனுப்பியவரைக் காட்டும் ஃப்ரம் முகவரியோடு பொருந்தவில்லை என்றால் நின்று யோசியுங்கள்.

நான் பார்த்ததில் மறக்க முடியாதது ஒரு பில் மெயில். மூன்றுமே பாஸ். டொமைனில் எம் (m) எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஆர் (r), என் (n) இரண்டும் ஒட்டி உட்கார்ந்திருந்தன. அந்த எழுத்துருவில் வித்தியாசமே தெரியாது. எழுத்துருவை மாற்றி ஒட்டிப் பார்த்தபோதுதான் இரண்டு எழுத்தும் பிரிந்தன.

அஞ்சல்மேசை:

தலைப்புரை, உங்கள் உதாரணமே உங்கள் வாதத்தை உடைக்கிறது. மூன்று பாஸும் சொல்வது ஒன்றுதான்: இந்த டொமைன்காரர் அனுப்பியதுதான் இது. டொமைன்காரர் யோக்கியரா என்று அது சொல்லாது. மோசடிக்காரர் தன் சொந்த டொமைனில் இவற்றைச் சரியாக அமைக்க அதிக நேரம் ஆகாது. ஒரு நாளைக்கு 5000க்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்கள் மூன்றையும் வைத்தே ஆக வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் கூகுள் விதி கொண்டுவந்தது. அதனால் ஃபெயில் என்று வந்தால் சந்தேகப்படுங்கள், பாஸ் என்று வந்தால் இன்னும் எதுவும் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரவுசரின் முகவரிப் பட்டையில் இருந்த பூட்டு ஐகானும் இதே கதைதான். அது சொல்வது இணைப்பு குறியாக்கம் ஆனது என்பதை மட்டும். மக்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் 2023இல் குரோம் அதை எடுத்தது.

எங்கள் பக்கம் வந்தது இதைவிட மோசம். பழைய உரையாடலுக்கே பதிலாக, சக ஊழியரின் உண்மையான கணக்கிலிருந்து ஒரு லிங்க். தலைப்பு முழுவதும் சுத்தம், சுத்தமாகத்தான் இருக்கும். லிங்கைத் திறந்தால் நிறுவனத்தின் லோகோவோடு உள்நுழைவுப் பக்கம், ஓடிபி கேட்டது, கொடுத்ததும் உண்மையான இன்பாக்ஸே திறந்தது. பார்த்தவருக்குச் சந்தேகம் வர இடமே இல்லை. நடுவில் ஒரு ப்ராக்ஸி, அதாவது மோசடிக்காரரின் இடைத்தரகு சர்வர், உட்கார்ந்து இரண்டு பக்கமும் கடத்திக்கொண்டிருந்தது. ஓடிபி சரியான இடத்துக்குத்தான் போனது. ஆனால் திரும்பி வந்த செஷன் குக்கி (இவர் உள்நுழைந்துவிட்டார் என்று காட்டும் அடையாளச் சீட்டு) ப்ராக்ஸியின் கையில். அதன் பிறகு கடவுச்சொல்லும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம்.

காட்டிக்கொடுத்தது முகவரிப் பட்டை மட்டும்தான். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ளதை வலமிருந்து இடமாகப் படியுங்கள். கடைசி இரண்டு துண்டு, சில நாட்டு டொமைன்களில் மூன்று, அதுதான் உரிமையாளர். இடப்பக்கம் எத்தனை வங்கிப் பெயர் இருந்தாலும் அலங்காரம்.

பாஸ்கீ (கடவுச்சொல்லுக்குப் பதில் கருவியில் இருக்கும் சாவி) அல்லது பாதுகாப்புச் சாவி இருந்திருந்தால் இது நடந்திருக்காது. அது டொமைனோடு கட்டப்பட்டது, ப்ராக்ஸியின் முகவரியில் சாவி வெளியே வரவே வராது. ஆனால் கணக்கில் எஸ்எம்எஸ் வழியையும் விட்டுவைத்தால், போலிப் பக்கம் "வேறு வழியில் முயலுங்கள்" என்று அங்கே தள்ளிவிடும்.

மீட்புப்பணி:

எனக்குச் சொல்ல இருப்பது சின்னதுதான். குக்கி திருடப்பட்ட ஒரு மெயில் பெட்டியில் ஒரு ரூல் (வரும் மெயிலைத் தானாகக் கையாளும் அமைப்பு) இருந்தது, அதன் பெயர் வெறும் ஒரு புள்ளி. "இன்வாய்ஸ்" என்ற சொல் வரும் எதையும் ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ் கோப்புறைக்கு நகர்த்தி, படித்ததாகக் குறித்துவிடும். கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் அந்த ரூல் தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது.

யாரும் கேட்கவில்லை என்றாலும், மாட்டிக்கொண்ட பிறகு செய்ய வேண்டியவற்றின் வரிசையை எழுதிவிடுகிறேன், இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். முதலில் மாட்டிக்கொண்ட கணினியை நெட்டிலிருந்து பிரியுங்கள். வைஃபையை நிறுத்துங்கள், கேபிளைப் பிடுங்குங்கள். கடவுச்சொல் மாற்றத்தை அந்தக் கணினியிலேயே செய்யாதீர்கள். திருட்டு நிரல் இன்னும் ஓடினால் புதுக் கடவுச்சொல்லும் போய்விடும். வேறு சுத்தமான கருவியை எடுங்கள்.

மற்ற எல்லாக் கணக்கின் ரீசெட் லிங்கும் மெயிலுக்குத்தான் வருகிறது, அதனால் மெயில் கணக்கை முதலில் எடுங்கள். கடவுச்சொல்லை மாற்றிய கையோடு எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றுங்கள். கடவுச்சொல் மாறினால் எல்லா செஷனும் செத்துவிடும் என்று எண்ண வேண்டாம், சேவைக்குச் சேவை மாறும். அடுத்து ரூல்கள், தானாக ஃபார்வர்டு ஆகும் முகவரி, மீட்பு எண், மீட்பு மெயில், ஆப் பாஸ்வேர்ட் (ஆப்களுக்கெனத் தனியாக உருவாக்கும் கடவுச்சொல்), புதிதாகச் சேர்ந்த ஓடிபி கருவி ஆகியவற்றைப் பாருங்கள்.

பிறகு, அனுமதி பெற்ற ஆப்கள். 2017 மே 3 அன்று பரவிய கூகுள் டாக்ஸ் மெயிலை நினைத்துப் பாருங்கள். அதில் போலி உள்நுழைவுப் பக்கமே இல்லை. கூகுளின் உண்மையான அனுமதிப் பக்கம்தான் வந்தது, கேட்ட ஆப்தான் தன் பெயரை "கூகுள் டாக்ஸ்" என்று வைத்திருந்தது. அனுமதி கொடுத்தவர் கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தால் பயனில்லை, அனுமதியை ரத்து செய்ய வேண்டும்.

மெயிலுக்குப் பிறகு வங்கி, அதன் பின் மற்றவை. பிரவுசரில் சேமித்த ஒவ்வொரு கடவுச்சொல்லும் போய்விட்டதாகவே கொள்ளுங்கள். அந்தக் கணினியை ஸ்கேனோடு விடாமல், சுத்தமான இன்னொரு கணினியில் தயாரித்த யுஎஸ்பியிலிருந்து விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். ஆவணங்களை மட்டும் திரும்ப எடுங்கள், இன்ஸ்டாலர்களை எடுக்க வேண்டாம். உங்கள் பெட்டியிலிருந்து மெயில் போனவர்களுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். அதே பெட்டியிலிருந்து மெயில் போட்டால் அவர்கள் நம்பக் கூடாது, நம்பவும் வேண்டாம்.

ஹெல்ப்டெஸ்க்:

நான் பார்த்த வேடம் போலி உதவி மையம். திரை முழுக்கச் சிவப்பு, சைரன் சத்தம், "இந்த எண்ணை அழையுங்கள்". எஸ்கேப் விசையைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள், முழுத்திரை போகும். போகாவிட்டால் கண்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப், டாஸ்க் மேனேஜர், பிரவுசரை முடியுங்கள். மறுபடி திறக்கும்போது "பழைய பக்கங்களை மீட்கவா" என்று கேட்கும், வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அந்த எண்ணை அழைத்தவர்களிடம் மோசடிக்காரர்கள் காட்டும் "சான்று" உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். கட்டளைத் திரையில் அசாக் (எந்த வகைக் கோப்பு எதோடு இணைந்திருக்கிறது என்று பட்டியலிடும் கட்டளை) என்று தட்டச் சொல்வார்கள். பட்டியலின் கடைப்பகுதியில் 888டிசிஏ60 என்று தொடங்கும் நீண்ட எண் வரும். "எங்களிடம் உங்கள் கணினியின் தனி எண் இருக்கிறது, படிக்கிறேன், சரிபாருங்கள்" என்பார்கள். ஒப்பிட்டால் எழுத்து பிசகாமல் பொருந்தும். பொருந்தாமல் எங்கே போகும்? எல்லா விண்டோஸிலும் அது ஒரே எண். விண்டோஸின் நிகழ்வுப் பதிவைக் காட்டும் ஈவன்ட் வியூவரில் சிவப்புப் பிழைகளும் அப்படித்தான், ஆரோக்கியமான கணினியிலும் நிறைய இருக்கும்.

கட்டளைவரி:

மீட்புப்பணி எழுதியதை அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளலாம். தலைப்புரைக்கு: அஞ்சல்மேசை சொன்னதோடு நான் ஒத்துப்போகிறேன். மெயில் எங்கிருந்து வந்தது என்பதைவிட, அது என்ன செய்யச் சொல்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். எந்த கேப்ட்சாவுக்கும் பிரவுசருக்கு வெளியே வேலை கிடையாது.

நிர்வாகிகளுக்கு: அலுவலகக் கணினிகளுக்கு விதி வைக்கும் குரூப் பாலிசியில் "ஸ்டார்ட் மெனுவிலிருந்து ரன்னை நீக்கு" என்பதை இயக்கினால் விண்டோஸ் ஆர் வேலை செய்யாது. முழுத் தடுப்பு என்று எண்ணாதீர்கள். விண்டோஸ் விசையோடு எக்ஸ் தட்டினால் வரும் மெனு வழியாக டெர்மினலை, அதாவது கட்டளைத் திரையைத் திறக்கச் சொல்லும் பக்கங்கள் இருக்கின்றன. 2025இல் ஃபைல் எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டையில் ஒட்டச் சொல்லும் வகையும் வந்துவிட்டது, "பகிர்ந்த கோப்பின் இருப்பிடம்" என்று சொல்லி. அது ரன்எம்ஆர்யூவில் பதிவாகாது, டைப்டுபாத்ஸ் என்ற கீயில் தேடுங்கள்.