மாங்காய்க் கொட்டகையில் ஒரு மாலைக் கச்சேரி

குழு: தோட்டத்து வீடு

பெரியப்பா, காலை 6:42
அனைவருக்கும் வணக்கம். பெங்களூருவில் இராமநவமிக் கச்சேரியை முடித்துக்கொண்டு காரில் சென்னை திரும்பும் பாடகி ஒருவர், வயலின், மிருதங்கக் கலைஞர்கள் இருவரோடு வரும் சனிக்கிழமை மாலை நம் சந்தூர் தோட்டத்து மாங்காய்க் கொட்டகையில் பாட இசைந்திருக்கிறார். அவர்கள் காரில் வரும் வழியிலேயே நம் கிருஷ்ணகிரி இருப்பதால், இரவு நம் வீட்டில் தங்கி, காலை இட்லி சாப்பிட்டுவிட்டுப் புறப்படுவார்கள். பெங்களூரா வகை மாங்காய் வரத்துத் தொடங்க இன்னும் நாள் இருப்பதால் கொட்டகை காலியாகத்தான் கிடக்கிறது.

சித்தப்பா, காலை 7:10
மிகவும் மகிழ்ச்சி, அண்ணா. ஊரிலும் உறவிலும் சொன்னால் இருநூறு பேராவது வருவார்கள். போச்சம்பள்ளியில் எனக்குத் தெரிந்த மைக் செட்காரரிடம் நான்கு பெட்டி ஸ்பீக்கருக்குச் சொல்லிவிடட்டுமா? வாசலில் சீரியல் விளக்கும் ஒரு பிளெக்ஸும் வைத்துவிட்டால் விழா களைகட்டும்.

பெரியப்பா, காலை 7:25
தம்பி, மைக் வேண்டாம். அறுபது பேருக்கு மேல் அழைக்கவும் வேண்டாம்.

சித்தப்பா, காலை 7:27
மைக் இல்லாத கச்சேரியைப் பின்வரிசையில் இருப்பவர் எப்படிக் கேட்பார், அண்ணா? பாரதக் கூத்துக்கே இப்போது மைக் வைக்கிறார்கள்.

நான், காலை 8:02
சித்தப்பா, கூத்துக் கலைஞர்கள் திறந்த வெளியில் விடிய விடிய ஊருக்கே ஆடுகிறார்கள். அங்கே மைக் வேண்டியதுதான். இது ஒரு வீட்டில் விருந்தினர் பாடுவதைப் போன்றது. சென்னை ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் (1867–1938) வெள்ளிக்கிழமை மாலைகளில் தம் வீட்டில் வாசித்தபோது, மெல்லிய வீணை நாதத்தைக் கேட்க வந்தவர்கள் இருமக்கூடத் தயங்கினார்கள் என்று சொல்வார்கள். அந்த அளவுக்குக் கட்டுப்பாடு நமக்கு வேண்டாம். ஆனால் பாடகி மூச்சு வாங்குவது கேட்கும் தூரத்தில் உட்கார்ந்து கேட்பது என்பது வேறு அனுபவம். இருநூறு பேர் வந்தால் அது கல்யாண வரவேற்புக் கச்சேரி ஆகிவிடும். என் தோழியின் திருமணத்தில் நான் வயலின் வாசித்தபோது, பந்தியில் இடம் பிடிக்கும் அவசரத்தில் யாரும் எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை; அதை இன்னும் நான் மறக்கவில்லை.

ஓசூர் அத்தை, காலை 8:40
அண்ணா சொல்வதே சரி. பெங்களூருவில் 1939இல் தொடங்கி இன்றும் நடந்துவரும் இராமநவமி இசை விழாவுக்கு, கோட்டை உயர்நிலைப்பள்ளி மைதானத்துக்கு, நானும் அவரும் பலமுறை போயிருக்கிறோம். பெரிய வித்துவான்களை அங்கேதான் கேட்டேன் என்றாலும், எனக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒரு பந்தல் காலும் அதன் பக்கத்தில் தெரிந்த பாதி முகமும்தான். இன்னொரு செய்தி: அம்மாவுக்குப் பிறந்த வீட்டுப் பேச்சு தெலுங்கு. தியாகராஜரின் கீர்த்தனையில் சொல் தெளிவாகக் காதில் விழுந்தால், சபாக்களில் தலையாட்டும் பலரைவிட அவருக்கு அதிகம் புரியும். நம் மாவட்டத்தில் இப்படி எத்தனையோ பாட்டிமார்கள் உண்டு; அவர்களை யாரும் கச்சேரிக்கு அழைப்பதில்லை.

நியூ ஜெர்சி அண்ணன், காலை 9:15
பெரியப்பா, இங்கே கிராமப்புறங்களில் வைக்கோல் கொட்டகைகளிலும் வீட்டுக் கூடங்களிலும் இப்படி நடப்பது வழக்கம். இரண்டு பெரிய ஊர்களுக்கு நடுவே பயணம் செய்யும் பாடகருக்கு ஒரு வேளை உணவும், படுக்கையும், கொஞ்சம் வருமானமும் கிடைக்கும். பிரான்சில் தூர் நகருக்கு அருகே மெலே என்னும் இடத்தில் இருக்கும் 13ஆம் நூற்றாண்டுத் தானியக் கொட்டகையைக் கண்டு மயங்கிய ருஷ்யப் பியானோ மேதை ரிக்தர், 1964இல் அங்கேயே ஓர் இசை விழாவைத் தொடங்கினார். நியூயார்க் மாநிலத்தின் உட்ஸ்டாக்கில் லெவன் ஹெல்ம் என்னும் டிரம்ஸ் கலைஞர், புற்றுநோய்ச் சிகிச்சைக்கு ஆன கடனை அடைக்க 2004 முதல் தம் கொட்டகையிலேயே கச்சேரி நடத்தினார். ஆனால் அதே கொட்டகை 1991இல் தீப்பிடித்து எரிந்து மறுபடி கட்டப்பட்டது என்பதையும் நினைவில் வைத்து, நம் கொட்டகையில் கிடக்கும் வைக்கோலை முதலில் வெளியேற்றுங்கள்; பின்பக்க ஷட்டரும் திறந்தே இருக்கட்டும்.

பெரியப்பா, காலை 9:40
வைக்கோல் இன்றே மாட்டுக் கொட்டிலுக்குப் போகிறது. குத்துவிளக்கை வாசலுக்கு வெளியே ஏற்றிக்கொள்ளலாம். மைக் வைத்தால் ஒலிபெருக்கிக்கு எழுத்து அனுமதி வாங்க வேண்டும் என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. அந்த அலைச்சலும் நமக்கு இல்லை.

ஓசூர் மாமா, காலை 10:05
பணம் எப்படி? டிக்கெட் போட்டால் அது வியாபாரம் ஆகிவிடும். சும்மா பாடச் சொன்னால் அது பாவம்.

நான், காலை 10:20
டிக்கெட் இல்லை, மாமா. நுழைவாயிலில் பாட்டியின் பித்தளைச் சொம்பை வைப்போம். ஆளுக்கு 300 ரூபாய் போடலாம் என்று அழைக்கும்போதே சொல்லிவிடுவோம். அறுபது பேர் போட்டால் 18,000 ரூபாய் ஆகும். அதில் ஒரு ரூபாயும் குறையாமல் கலைஞர்களுக்கே போகும். சாப்பாடும் தங்கலும் நம் பொறுப்பு. குறைந்தால் பெரியப்பா நிரவிவிடுவார் என்று அவரைக் கேட்காமலே எழுதுகிறேன். மூவரும் சமமாகப் பிரித்துக்கொள்வதாகப் பாடகியே சொன்னார். பக்கவாத்தியக்காரருக்கு எப்போதும் மிச்சம்மீதியைக் கொடுக்கும் வழக்கத்தைப் பார்த்தவள் என்பதால், அதைக் கேட்டதும் எனக்கு அவர்மேல் மதிப்புக் கூடியது.

பெரியப்பா, மாலை 6:30
கொட்டகையில் நின்று கை தட்டிப் பார்த்தேன். அறுபதடி நீளச் சுவர்கள் இரண்டும் நேருக்கு நேர் நிற்பதால், ஒரு தட்டல் மூன்று நான்காகத் திரும்பி வந்தது. பின்சுவரில் ஜமுக்காளங்களைத் தொங்கவிட்டு, பக்கச் சுவரோரம் பழக் கிரேட்டுகளை உயரமும் தாழ்வுமாக அடுக்கி, அவற்றில் கோணிச் சாக்குகளைத் திணித்த பிறகு எதிரொலி பெரும்பாலும் அடங்கிவிட்டது. ஆட்கள் உட்கார்ந்தால் இன்னும் அடங்கும். ஆனால் வேறொன்றைக் கவனித்தேன்: வெயில் இறங்கும்போது தகரக் கூரை சூடு தணிந்து சுருங்கி, அரை மணிக்கு மேல் ‘டக் டக்’ என்று தாளம் போடுகிறது. மிருதங்கக்காரருக்குப் போட்டி வேண்டாம் என்பதால் ஏழே கால் மணிக்குத்தான் தொடங்க வேண்டும்.

சித்தப்பா, மாலை 6:48
கொசுவுக்கு என்ன செய்வது, அண்ணா? வரிசைக்கு ஒரு கொசுவர்த்தி வைத்துவிடுகிறேன்.

பெரியப்பா, மாலை 6:55
அதை மட்டும் செய்யாதே, தம்பி. பக்கத்துத் தோட்டத்துக்காரர் பட்டுப்புழு வளர்க்கிறார். புழு கூடு கட்டப்போகும் நேரம் இது. கொசுவர்த்தி மருந்து காற்றில் போனால் அவருடைய முழு வளர்ப்பும் வீணாகிவிடும். சாம்பிராணியும் வேண்டாம். தரையில் நிற்கும் மின்விசிறிகள் நான்கைச் சுவரோரம் மெதுவாக ஓடவிடுவோம். ஆலாபனை தொடங்கும்போது அவற்றையும் நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் கடியைப் பொறுத்துக்கொள்வோம்.

ஓசூர் மாமா, மாலை 7:20
ஒரே ஒரு விண்ணப்பம். நம் ஓசூர்ப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி எழுதி, எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிப் பரவிய ‘குறையொன்றும் இல்லை’ பாட்டை முடிவில் பாடச் சொல்ல முடியுமா?

நான், மாலை 7:31
முன்கூட்டியே கேட்டுவிடுகிறேன், மாமா. ஆனால் கச்சேரி நடுவே துண்டுச் சீட்டு அனுப்பும் பழக்கத்தை மட்டும் அன்றைக்கு விட்டுவிடுவோம்.

சித்தப்பா, இரவு 8:15
உண்மையைச் சொல்கிறேன்; மைக் இல்லாமல் முடியாது என்று நிரூபிக்கத்தான் இன்று கொட்டகைக்குப் போனேன். அம்மாவைப் பின்சுவர் ஓரம் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, மேடை வரப்போகும் இடத்தில் நின்றுகொண்டு, இந்த ஆண்டு காய் விலை ஏறாது போலிருக்கிறது என்று எனக்குள் முணுமுணுத்தேன். அங்கிருந்தே, “எவன்டா சொன்னது?” என்று கேட்டார். மைக் செட்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் பட்டியலிலிருந்து நூற்று நாற்பது பேரை எப்படி நீக்குவது என்பதற்கு மட்டும் யாராவது வழி சொல்லுங்கள்.

பெரியப்பா, இரவு 8:22
மழைக்காலம் முடிந்து தை மாதத்தில் இன்னொரு கச்சேரி வைப்போம் என்று அவர்களிடம் சொல், தம்பி. அது பொய்யில்லை.

ஓசூர் அத்தை, இரவு 8:50
இடைவேளைக்குக் காவேரிப்பட்டினத்து நிப்பட்டும் சுக்குக் காபியும் போதும் என்று நினைக்கிறேன். பாடுபவருக்கு வெந்நீர் தனியாக இருக்கும். வேறு ஏதாவது கேட்டார்களா?

நான், இரவு 9:04
மிருதங்கக்காரர் ஒரு பிடி ரவை கேட்டார், அத்தை.

ஓசூர் அத்தை, இரவு 9:06
உப்புமாவுக்கு ஒரு பிடி எப்படிப் போதும்?

நான், இரவு 9:09
சாப்பிட இல்லை, அத்தை. தண்ணீரில் குழைத்து மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில் அப்பினால்தான் கும்கி என்னும் ஆழ்ந்த நாதம் வரும்; கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்.

ஓசூர் அத்தை, இரவு 9:12
அப்படியானால் வறுக்காத ரவையாக அரைக் கிலோ கொண்டுவருகிறேன். மீதியைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.