மிண்டன் தட்டின் ஆண்டுக்குறியைப் படிக்க உதவி தேவை

அன்பர்களுக்கு வணக்கம். என்னிடமுள்ள நீலப் பூவேலைப் பீங்கான் தட்டின் அடிப்புறத்தில் ‘மிண்டன்ஸ்’ என்ற இங்கிலாந்துப் பீங்கான் நிறுவனத்தின் பெயர் அழுத்திப் பதிக்கப்பட்டிருக்கிறது; அருகே, பிரிட்டனில் 1842 முதல் 1883 வரை வடிவமைப்புப் பதிவைக் குறிக்க இடப்பட்ட சாய்சதுர முத்திரை அச்சாகியுள்ளது. அதன் மேல்மூலையில் எண்ணும் வலமூலையில் ‘சி’ என்ற எழுத்தும் இருப்பதால், 1868இல் தொடங்கிய வரிசைப்படி அந்த வடிவம் 1870இல் பதிவானது என்று கொள்கிறேன்.

ஆனால் அது வடிவம் பதிவான ஆண்டே தவிர, தட்டு சூளையிலிருந்து வெளிவந்த ஆண்டு அன்று. ஸ்டோக்-ஆன்-ட்ரென்டில் இயங்கிய மிண்டன் நிறுவனம் தன் முத்திரையில் பெயரின் இறுதியில் ‘எஸ்’ சேர்த்தது ஏறத்தாழ 1873 முதல்தான். ‘இங்கிலாந்து’ என்ற சொல் இல்லாததால், இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயரை அமெரிக்கா கட்டாயமாக்கிய 1891க்கு முந்தையதாக இருக்கலாம்; இதை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்லிவிட முடியாது.

இந்த இடைவெளியைக் குறைக்க வல்லது, தயாரித்த ஆண்டைக் காட்ட மிண்டன் 1842 முதல் அழுத்திப் பதித்துவந்த ஆண்டுக்குறிதான். அதன் பள்ளத்தில் மெருகு தேங்கிவிட்டதால், விளக்கைச் சாய்த்துப் பிடித்தாலும் ஒரு வளைவும் குறுக்கே ஒரு கோடும் மட்டுமே தெரிகின்றன. இத்தகைய குறிகளைப் படித்துப் பழகியவர்கள், இணைத்துள்ள படத்தைப் பார்த்து, அது 1873க்கும் 1891க்கும் இடைப்பட்ட எந்த ஆண்டின் குறியோடு பொருந்துகிறது என்றும், மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்தால் தெளிவு கிடைக்குமா என்றும் தெரிவிக்க வேண்டுகிறேன்.